பசித்தவரின் பங்கு

அன்னதானத்தைப் போற்றாத சமயம் எதுவும் நம் நாட்டில் இல்லை. கோயில் மடப்பள்ளி, மடங்களின் பந்தி, குருத்வாராக்களின் லங்கர், நோன்புக் காலத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் கஞ்சி, தேவாலயத் திருவிழாக்களின் சமபந்தி என்று அதன் வடிவங்கள் பல. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு நிறுவிய தருமசாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. பசித்தவருக்குச் சோறிடுவது தலையாய அறம் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை கிடையாது.

ஆயினும் பசித்தவரிடம் உணவு சென்று சேரும் வழி கடந்த எண்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. இன்று கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் உலையில் கொதிக்கும் அரிசி சட்டத்தின் கட்டளையால் வந்த அரிசி. அதைக் கொடுத்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாது. இடையில் ஓர் அட்டை, ஓர் இயந்திரம், ஒரு தராசு ஆகியவை மட்டுமே இருக்கின்றன.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகின்றது. இவ்வாறு கிடைக்கும் உணவை நாம் எவ்வாறு கருதுவது? அரசு இடும் பிச்சை என்றா, வரி செலுத்துவோரின் தானம் என்றா, பசித்தவரின் சொந்தப் பங்கு என்றா? அது அவருடைய பங்கே என்றால், பசியை அறியாத நமக்கு அதில் ஏதேனும் கடமை எஞ்சியிருக்கிறதா? சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கிவிடலாமா?

இக்கேள்விகளை வெறும் கருத்தளவில் ஆராய்வதைவிட, அவை வரலாற்றில் எழுந்து நின்ற ஓர் ஊரில் வைத்து ஆராய்வது நலம். அத்தகைய ஊர் திருவனந்தபுரம்.

பிறப்பு நோக்கிய பந்தியும் தலை எண்ணிய பங்கும்

பழைய திருவிதாங்கூர் அரசு, தன் செலவில் பல இடங்களில் ஊட்டுப்புரைகளை நடத்தி வந்தது. அவற்றில் பிராமணர்களுக்கு விலையின்றி உணவு வழங்கப்பட்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் முறஜபத்தின்போது பெரும் பந்திகள் நடந்தன. அறம் செய்யும் நோக்கத்துடன்தான் மன்னர்கள் இவற்றை ஏற்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இலையின்முன் அமரும் தகுதியைப் பசி நிர்ணயிக்கவில்லை, பிறப்பு நிர்ணயித்தது. மதிலுக்கு வெளியே வயலில் நின்று அந்த நெல்லை விளைவித்தவருக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. அவருக்கும் உரிய பங்கு அதில் இருந்தது என்ற எண்ணமே அக்காலத்தில் பலருக்கு எழவில்லை.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச விளம்பரத்தின் மூலம் கோயில் வாயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் வேறொரு சோதனை வந்தது. 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. தென்னை, மிளகு, ரப்பர் முதலியவற்றை விளைவித்து விற்றுவிட்டு, பர்மா அரிசியைப் பெருமளவு வாங்கி உண்டு வந்த நாடு திருவிதாங்கூர். கப்பல்கள் நின்றதும் உணவும் நின்றது. சேர்த்தலை முதலிய கடற்கரைப் பகுதிகளில் கயிறு திரிக்கும் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தன.

அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. இராமசாமி ஐயர். அவருடைய ஆட்சியின் பிற செயல்களைக் குறித்துக் கடுமையான கண்டனங்கள் உண்டு. ஆனால் அக்காலத்தில் அரசு ஒரு பெரும்பணியைச் செய்தது. குடும்பங்களுக்கு அட்டை அளித்து, அரிசியை அளந்து பங்கிடும் முறையை அது கொண்டுவந்தது. பிற பகுதிகளில் பங்கீடு பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட, திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அது கிராமங்களையும் எட்டியது. முந்தைய நூற்றாண்டில் மன்னர் விசாகம் திருநாள் பரவச் செய்த மரவள்ளிக் கிழங்கும் கைகொடுத்தது. அதே 1943-இல் வங்காளத்தில் 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர்வரை பஞ்சத்திற்குப் பலியானார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே அரிசி முற்றிலும் இல்லாமற் போய்விடவில்லை. ஏழைகளால் வாங்க முடியாத விலைக்கு அது ஏறிவிட்டது. எல்லோருக்கும் அளந்து பங்கிட அங்கே உரிய காலத்தில் ஏற்பாடு இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். ஊட்டுப்புரை மிகுதியான காலத்தின் அறம்; அது கொடுப்பவரின் விருப்பப்படி இயங்கியது. பங்கீட்டு அட்டை பற்றாக்குறைக் காலத்தின் அறம். தலைக்கு இவ்வளவு என்று அது எண்ணியது. இருப்பது குறையும்போது பங்கிடுவதே கடினமானது. அந்தக் கடினமான அறத்தைத் திருவனந்தபுரம் போர்க்காலத்தில் கற்றுக்கொண்டது.

விடுதலைக்குப் பின்னும் பற்றாக்குறை தொடர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாடு, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழ் மக்களின் நியாயமான விருப்பம் நிறைவேறியது. ஆனால் அரிசிக்கு இனி மாநில எல்லைக்கு அப்பால் பார்க்க வேண்டும் என்ற நிலை கேரளத்திற்கு மேலும் உறுதியாயிற்று. 1964-இல் கடும் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் உணவுக் கழகச் சட்டத்தை இயற்றியது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. உழவரிடம் நெல்லை வாங்கிச் சேமித்து, விளையாத ஊருக்கு அனுப்புவது அதன் பணி. அதே காலத்தில் கேரளம் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் பங்கீட்டின்கீழ்க் கொண்டுவந்தது. 1966-ஆம் ஆண்டின் கேரளப் பங்கீட்டு ஆணை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. இன்று அம்மாநிலத்தில் ஏறத்தாழ 14,000 ரேஷன் கடைகள் உள்ளன.

நிறைந்த கிடங்கும் காலி வயிறும்

இந்தியா முழுவதற்கும் உணவை உரிமையாக ஆக்கிய பெருமை ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தது. 2001-ஆம் ஆண்டில் உணவுக் கழகக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் குவிந்திருந்தது. அதே சமயம் இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. உயிர்வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உறுதி செய்கிறதே, உண்ணாமல் உயிர்வாழ்வது எவ்வாறு என்பதே அம்மனுவின் சாரம். 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதுவரை அரசின் விருப்பத்தைச் சார்ந்திருந்த உணவுத் திட்டங்கள், அரசு தட்டிக்கழிக்க முடியாத கடமைகளாயின. காமராஜர் 1956-இல் தமிழகத்தில் விரிவாக்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் பெரிதாக வளர்த்த பள்ளி மதிய உணவு, அந்த ஆணையால் நாடெங்கும் சமைத்து வழங்கப்பட வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2013 செப்டம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசிதழில் வெளியாயிற்று. ஊரகங்களில் 75 சதவீதம் வரையிலும் நகரங்களில் 50 சதவீதம் வரையிலும் மக்களை அது அரவணைக்கிறது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். மிகவும் ஏழ்மையான அந்த்யோதயா குடும்பத்திற்கு மாதம் 35 கிலோ. அரிசி 3 ரூபாய்க்கும் கோதுமை 2 ரூபாய்க்கும் தரப்பட்டன. 2023 ஜனவரி முதல் இவை விலையின்றி வழங்கப்படுகின்றன. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு இவ்வேற்பாடு நீட்டிக்கப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரே குடும்ப அட்டையின் தலைவர். வீட்டில் யாருக்கு எவ்வளவு பசி என்பதை அறிந்தவரின் கையிலேயே அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, உரிய தானியம் வராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கேட்கலாம். மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். தானம் பெறுபவர் முறையிட முடியாது. சோறு ஆறிப்போயிற்று என்று சொல்லவும் அவர் கூசுவார். தன் பங்கைக் கேட்பவரோ நிமிர்ந்து நின்று கேட்கலாம். சட்டம் ஏழைக்குத் தந்தவற்றுள் அரிசியைவிட அரிய பொருள் இந்த நிமிர்வே என்று தோன்றுகிறது.

இரண்டு ஐயங்கள்

விலையில்லா அரிசி மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்று நல்லவர்கள் பலரே சொல்லக் கேட்கிறோம். இதனை வெறுப்பின்றி ஆராய வேண்டும். மாதம் 5 கிலோ என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 கிராம். உடலுழைப்பவர் ஒருவருக்கு அது ஒருவேளைச் சோற்றுக்குத்தான் போதும். அதன்பின் பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், விறகோ எரிவாயுவோ வேண்டும். வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மிச்சமிருக்கின்றன. அந்த ஒருவேளைச் சோற்றை நம்பி எவரும் வேலையை விட்டுவிட இயலாது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாமலிருக்க மட்டுமே அது உதவும். கிடைத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டிய நெருக்கடியையும் அது சற்றே தளர்த்துகிறது. நாளை காலை அடுப்பெரியும் என்ற உறுதி உள்ளவரே நியாயமான கூலியைக் கேட்க முடியும். மூதாதையர் சேர்த்த சொத்தை உழைப்பின்றிப் பெறுபவரை நாம் சோம்பேறி என்பதில்லை. ஏழையின் 166 கிராமுக்கு மட்டும் வேறு அளவுகோலை எடுப்பது அறமாகாது.

இரண்டாவது ஐயம் சற்று நுட்பமானது. எல்லாவற்றையும் சட்டமே செய்துவிட்டால், மனிதர் நெஞ்சில் ஈகை வற்றிவிடாதா? கொடுப்பதால் கொடுப்பவரின் அகந்தை கரைகிறதே, அந்தப் பயிற்சி இல்லாமற் போய்விடாதா?

இதற்குத் தமிழின் பழங்காப்பியமான மணிமேகலையில் ஒரு விடை இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலைக்கு முன் கையில் ஏந்தியிருந்தவன் ஆபுத்திரன். அவன் மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டு வந்தான். பின்னர் இந்திரன் பாண்டிய நாட்டில் நல்ல மழை பெய்யச் செய்தான். வயல்கள் விளைந்தன, எல்லோர் வீட்டிலும் உணவு நிறைந்தது. ஆபுத்திரனின் பாத்திரத்தை நாடி வருவார் எவருமில்லை. உண்பவரைத் தேடி அவன் கப்பலேறினான். ஆளில்லாத மணிபல்லவத் தீவில் விடப்பட்டபோது, ஊட்டுவதற்கு ஒருவருமின்றித் தான் மட்டும் உண்டு வாழ விரும்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

அவன் உள்ளத்தின் உயர்வை நாம் வணங்குகிறோம். ஆனால் இக்கதையில் நாட்டு மக்களின் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும் அன்றோ? மழை பெய்து பசி ஒழிந்த நாள் அவர்களுக்குத் திருநாள். அந்நாள் வராமலே இருந்திருக்கலாம் என்று எந்த அறவோரும் விரும்ப மாட்டார். நம் ஈகைக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பிறருடைய பசி நீடிக்க வேண்டும் என்று எண்ணினால், பசித்தவரை நம் புண்ணியத்திற்கு ஒரு கருவியாக ஆக்கிவிடுகிறோம். சோறிடுவதன் நோக்கம் பசி தீர்வதே. சட்டம் அதனைச் செய்யுமானால், நம் ஈகைக்கு வேறு பணிகள் காத்திருக்கின்றன. அவை எவை என்பதைச் சட்டத்தின் குறைகளே நமக்குக் காட்டுகின்றன.

சட்டத்தின் கண் படாதவர்

1997 ஜூன் வரை கேரளத்தில் பங்கீடு பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்த ஆண்டு மத்திய அரசு, வறுமைக்கோட்டிற்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்திலும் தமிழகத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, இப்பிரிவு மேலும் கூர்மையாயிற்று. கேரள மக்களுள் ஏறத்தாழ 1 கோடியே 54 லட்சம் பேர், அதாவது 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 46 சதவீதத்தினர், சட்டத்தின் பாதுகாப்பிற்குள் வந்தனர். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று அட்டைகள் நிறம் பிரிந்தன. முதலிரண்டு நிறங்களே முன்னுரிமைக்கு உரியவை. தமிழகம் மட்டும் தன் பொறுப்பில் எல்லோருக்கும் பொதுவான முறையைத் தொடர்ந்தது. அங்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது.

ஏழை யார் என்று பிரிக்கத் தொடங்கியவுடன் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. தேவையில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தேவையுள்ளவர் வெளியே நின்றுவிடுவது மற்றொன்று. ஆட்சியாளர் முதற்பிழையைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றனர். அது கணக்கில் தெரியும் இழப்பு. இரண்டாவது பிழை கணக்கில் தெரிவதில்லை. வெளியே நிற்பவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையே! ஆனால் அறத்தின் தராசில் இவை சமமல்ல. முதற்பிழையில் சில கிலோ அரிசி போகிறது. இரண்டாவதில் உயிர் போகக்கூடும்.

இது மிகைக்கூற்றன்று. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் எண் இணைக்கப்படாததால் அவள் குடும்பத்தின் அட்டை ரத்தாகியிருந்தது. அவள் மலேரியாவால் இறந்ததாக அரசு கூறியது. சோறு கேட்டுக்கொண்டே இறந்ததாகத் தாய் கூறினாள்.

கேரளமும் தலைகுனிந்த நாள் உண்டு. 2018 பிப்ரவரி 22 அன்று, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், அரிசியும் மளிகையும் திருடினார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்றனர். அவர் மனநலம் குன்றியவர். காட்டில் ஒதுங்கி வாழ்ந்தவர். நாட்டிலேயே விரிவான பங்கீட்டு முறைகளுள் ஒன்றைக் கட்டிய மாநிலத்தில், பிடி அரிசிக்காக ஓர் உயிர் போயிற்று. 2023-இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த இளைஞரைச் சட்டத்தின் அட்டை எட்டவில்லை. அக்கம்பக்கத்தாரின் அன்பும் எட்டவில்லை. இரண்டும் ஒருங்கே தவறிய இடத்தில்தான் கொடுமை நிகழ்ந்தது.

அட்டை கேட்டு வருபவரை மட்டுமே சட்டம் அறியும். கேட்கத் தெரியாதவர், முகவரி இல்லாதவர், விரல் ரேகை தேய்ந்த முதியவர், படுக்கையிலிருந்து எழ முடியாதவர் ஆகியோரை அடுத்த வீட்டாரே அறிவர். கேரள அரசு 2021-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், உள்ளாட்சி அமைப்புகளும் தன்னார்வலரும் வீடு வீடாகச் சென்று, மிகுந்த வறுமையில் வாடும் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டனர். அவற்றுள் பல, குடும்ப அட்டை முதலிய ஆவணங்களே இல்லாதவை. முதலில் அவர்களுக்கு ஆவணம் தரப்பட்டது. பின்னரே உணவும் மருந்தும் சென்றன. 2025 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்தில், மிகுவறுமை நீங்கிய மாநிலம் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அந்த அறிவிப்பின் அளவுகோல்களைக் குறித்துப் பொருளியல் அறிஞர் சிலர் கேள்வி எழுப்பினர். அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆயினும் ஏட்டில் இல்லாதவரைத் தேடிச் சென்று ஏட்டில் சேர்த்த அந்தச் செயல், எல்லா மாநிலங்களும் பின்பற்றத்தக்கது.

விட்டுக்கொடுப்பதும் ஒரு தானம்

பசியில்லாதவரின் கடமையைக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சியும் கேரளத்தில் நடந்தது. முன்னுரிமை அட்டைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தகுதியற்ற ஒருவர் ஓர் அட்டையை வைத்திருந்தால், தகுதியுள்ள இன்னொருவர் வெளியே காத்திருக்கிறார் என்பது பொருள். நாற்சக்கர வாகனம் வைத்திருப்போர், 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடு உடையோர், அரசு ஊழியர் முதலியோருக்கு அந்த அட்டை உரியதன்று. 2021-இல் கேரள உணவுத் துறை, தகுதியின்றி முன்னுரிமை அட்டை வைத்திருப்போர் தாமாகவே முன்வந்து மாற்றிக்கொண்டால் தண்டம் விதிக்கப்படாது என்று அறிவித்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாறு செய்தன. அந்த இடங்கள் காத்திருந்த ஏழைகளுக்குச் சென்றன.

இதனை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. நம் பொருளிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தால் அது தானம். நம்முடையதல்லாத ஒன்றைத் திருப்பித் தந்தால் அது நேர்மை. முந்தையதற்குப் பாராட்டு உண்டு, பெயர்ப்பலகை உண்டு. பிந்தையதற்கு ஒன்றுமில்லை; சற்று வெட்கமும் உண்டு. ஆயினும் அன்று அட்டையைத் திருப்பித் தந்தவர்கள், முகமறியாத ஒரு லட்சம் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அன்னமிட்டவர் ஆயினர்.

1965-இல் உணவு நெருக்கடியும் போரும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைக் கைவிடுமாறு மக்களை வேண்டினார். எத்தனையோ வீடுகளில் திங்கட்கிழமை இரவு அடுப்பு எரியவில்லை. பல உணவு விடுதிகள் அன்று மாலை மூடிக் கிடந்தன. அது சட்டமன்று, வேண்டுகோள். ஆனால் அந்த நோன்பின் உட்பொருள், பங்கீட்டுச் சட்டத்தின் உட்பொருளேயாகும். என் தட்டும் பிறர் தட்டும் ஒரே களஞ்சியத்திலிருந்து நிறைகின்றன என்ற உணர்வே அது.

களஞ்சியத்தின் மறுமுனை

அந்தக் களஞ்சியம் தானே நிறைவதில்லை. ஏழைக்கு அரிசி என்று சட்டம் இயற்றும் கை, உழவருக்கு விலை என்றும் எழுத வேண்டும். அரசு உழவரிடம் ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்குவதால்தான் ரேஷன் கடைக்குத் தானியம் வருகிறது. 2020-இல் இயற்றப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உழவர்கள் ஓராண்டுக்கு மேல் போராடியபோது, அவர்களின் அச்சங்களுள் முதன்மையானது இக்கொள்முதல் நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதே. அச்சட்டங்கள் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைப் பற்றி எக்கருத்தை உடையவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: கொள்முதல் நின்றால் பங்கீடும் நிற்கும்.

நிலம் இருந்தால்தானே நெல்? கேரளத்தில் 1970-களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கியுள்ளது. வயல்கள் தென்னந்தோப்புகளாயின, ரப்பர் தோட்டங்களாயின, வீட்டுமனைகளாயின. எஞ்சியதைக் காக்க 2008-இல் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வயலை மண்ணிட்டு நிரப்புவதை அது தடைசெய்தது. 2018-இல் செய்யப்பட்ட திருத்தம், சில வகை நிலங்களைக் கட்டணம் செலுத்தி வேறு பயனுக்கு மாற்றிக்கொள்ள வழிவிட்டது. வீடில்லாதவருக்கு வீடு கட்ட இடம் வேண்டும் என்பது மெய். ஆயினும் ஒருமுறை மண்ணிட்டு மூடிய வயல் மீண்டும் வயலாவதில்லை. குட்டநாட்டிலும் பாலக்காட்டிலும் நெல்லை விற்றுவிட்டுப் பணத்திற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் உழவர், தம் மகன் உழவனாக வேண்டும் என்று எவ்வாறு விரும்புவார்? அவருக்கு உரிய காலத்தில் பணம் சேர்வதும் பசித்தவரின் பங்கைக் காப்பதில் அடங்கும்.

உழவரையும் ஏழையையும் ஒரே கயிற்றில் பிணைத்த சட்டம் வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 1964-இல் ஏழைகளுக்கான உணவுக்கூப்பன் சட்டம் வந்தது. 1973-இல் அது வேளாண் சட்டத்தோடு சேர்க்கப்பட்டது. நகரத்து ஏழைக்காகப் பேசும் உறுப்பினரும் நாட்டுப்புற உழவருக்காகப் பேசும் உறுப்பினரும் ஒருவருக்கொருவர் துணைநின்று அதனைப் பல்லாண்டுகள் காத்தனர். அப்பிணைப்பு அண்மையில் தளர்ந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒரு சட்டம் அந்த உதவியைப் பெருமளவு குறைத்து, நிபந்தனைகளைக் கூட்டியது. அதே ஆண்டு நவம்பரில் அரசுப் பணிகள் முடங்கியபோது, ஏறத்தாழ 4.2 கோடி பேர் சார்ந்திருந்த அவ்வுதவி தடைப்பட்டது. செல்வத்தில் உலகின் முதல் நாட்டில், அறநிலையங்களின் உணவு வரிசைகள் மறுபடியும் நீண்டன. சட்டம் தந்ததைச் சட்டமே எடுத்துவிடவும் கூடும் என்பதற்கு இது சான்று. மக்களின் மனம் காவல் நிற்கும்வரை மட்டுமே சட்டமும் நிற்கும்.

நமக்கு எஞ்சியிருப்பது

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சட்டத்தின் வழியே ஏழைக்குச் செல்லும் உணவு அவருடைய பங்கே. நிலமும் நீரும் மழையும் எவர் ஒருவருக்கும் தனியுடைமையாகப் படைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் விளைவிலிருந்து ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கவளம் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. நாம் அதைக் கொடுப்பதில்லை. தடுக்காமல் இருக்கிறோம், அவ்வளவே. அதைத் தடுக்காமலிருப்பதும் பிறர் தடுக்காமல் காப்பதும் நம் கடமை.

இக்கடமை எளிய செயல்களில் தொடங்குகிறது. நம் வீட்டு அட்டை நமக்கு உரியதுதானா என்று எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் பணிபுரியும் அம்மையாருக்கு அட்டை இருக்கிறதா, அதில் பிள்ளைகளின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். பிற மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்பவருக்கு, தம் ஊர் அட்டையைக் கொண்டே இங்கும் தானியம் பெறலாம் என்பது பல நேரங்களில் தெரிவதில்லை. அதை எடுத்துச் சொல்லலாம். விரல் ரேகை பதியாத முதியவரோடு கடைவரை நடந்து, மாற்று வழி உண்டு என்று பேசலாம். அரிசி எடை குறைந்தால் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு மனு எழுதித் தரலாம். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் நெல்வயலை நிரப்பும் விண்ணப்பம் வரும்போது எழுந்து ஒரு சொல் சொல்லலாம். இவை எவற்றிற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பகல் பொழுதும் சற்றுப் பொறுமையும் போதும்.

ரேஷன் கடையின் முன் நிற்கும் பெண்மணி கையேந்தி நிற்கவில்லை. தன் பங்கை வாங்கிப்போக வந்திருக்கிறாள். அவள் முறை வரும்போது மூட்டையில் அரிசி இருக்க வேண்டும், தராசு நேராக இருக்க வேண்டும், அவள் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் உறுதிசெய்வது நம் தலைமுறையின் அன்னதானம்.